குண்டு எட்டிய தூரம்

பெண்ணைக் கரை வரலாறு – 11

திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்கு ஓலையின் பலம் தெரியும். கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்த ஒரு முதியவர், மாப்பிள்ளையின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக அடிமை ஓலை ஒன்றை நீட்டி, இந்த ஊர்ச் சபையின் முன் வழக்காடி வென்ற கதையைச் சுந்தரர் வரலாறு சொல்கிறது. வழக்குத் தீர்த்த மண்டபம் என்று கிருபாபுரீஸ்வரர் கோயிலில் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். ஊரை ஒட்டி ஓடும் பெண்ணையாறு கிழக்கே போய்க் கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, 1690ஆம் ஆண்டு இன்னொரு பத்திரம் எழுதப்பட்டது. அதில் மாட்டியது ஒரு மாப்பிள்ளை அல்ல, ஒரு கடற்கரை.

விற்றவர் ராஜாராம், சத்திரபதி சிவாஜியின் இளைய மகன். வாங்கியது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் சார்பில் பேரம் பேசியவர் சென்னைக் கோட்டையின் தலைவர் எலிஹு யேல். விற்கப்பட்டது தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் விழும் இடத்தருகே இருந்த ஒரு சிறு கோட்டை.

ராஜாராமுக்கு அப்போது பணமுடை. 1677இல் சிவாஜி பிடித்த செஞ்சிக் கோட்டைக்குள் 1689 இறுதியில் வந்து சேர்ந்திருந்தார். பின்னாலேயே ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் படையோடு வந்துவிட்டார். 1698 வரை இழுத்த அந்த முற்றுகையின் தொடக்கத்தில், கையில் ரொக்கம் தேவைப்பட்டவருக்குக் கடலோரக் கோட்டை ஒன்றை விற்பது பெரிய இழப்பாகத் தெரிந்திருக்காது. வாங்கியவர்களுக்கோ அது சொத்து மட்டுமல்ல. சென்னைக்கு ஆபத்து வந்தால் ஒதுங்க இன்னொரு இடம்.

பத்திரத்தில் எல்லை சொன்ன விதம்தான் விசேஷம். ஆறு, ஏரிக்கரை, பனைமரம், எல்லைக்கல் என்று எதுவும் இல்லை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு. இதற்கென்றே சென்னையிலிருந்து ஒரு பீரங்கி வந்தது. மருந்து கெட்டித்துச் சுடுவது சுடுகிறவன் கைத்திறமையைப் பொறுத்தது என்று மேலிடம் ஜாடையாக எழுதி அனுப்பியது. அதாவது, எட்டிச் சுடு. 1690 செப்டம்பர் 23 அன்று பல திசைகளிலும் குண்டு பறந்தது. கடலூரும் அதைச் சுற்றிய ஊர்களும் கம்பெனி கணக்கில் வரவு ஆயின. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பேர் விழுந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊராட்சிப் பெயரிலும் கடலூரின் குண்டு சாலையிலும் அந்தச் சத்தத்தின் மிச்சம் இருக்கிறது என்பது உள்ளூர் வழக்கு.

நம்மூர் நில அளவை வரலாற்றில் சங்கிலியும் கோலும் உண்டு. வெடிமருந்தால் அளந்த நிலம் இது ஒன்றாகத்தான் இருக்கும். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் மராட்டியர் குடிகளாக எழுந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் கம்பெனியின் குடிகள்.

யேல் கோட்டைக்கு வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயரை வைத்தார்: செயின்ட் டேவிட். குழந்தையாகவே இறந்துபோன அவருடைய மகன் பெயரும் டேவிட்தான். அந்தக் குழந்தையின் கல்லறை சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவைப்பதா, இடம் மாற்றுவதா என்பது அண்மையில் வழக்காகவே போனது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று தன் பெயரைப் பெற்றதும் இந்த யேல் அனுப்பிய நன்கொடையால்தான். சென்னையிலும் தேவனாம்பட்டினத்திலும் நடந்த வியாபாரத்தின் லாபம் அங்கே கல்வியாக மாறியது.

கோட்டை வாங்கியாயிற்று. ஆனால் அதற்குள் குடியிருக்கத்தான் யாருக்கும் மனமில்லை. கடற்காற்று மதில் தாண்டி உள்ளே வருவதில்லை. சிப்பாய், சரக்கு, வெடிமருந்து எல்லாம் ஒரே வளைப்புக்குள். ஆகவே கம்பெனி அதிகாரிகள் கோட்டையை ஆபத்துக்கும் அலுவலுக்கும் வைத்துக்கொண்டு, குடியிருக்க வெளியே தோப்பும் துரவுமாக வீடு கட்டிக்கொண்டார்கள். கோட்டைக்கு வடமேற்கே, மஞ்சக்குப்பத்தில் தேவனாம்பட்டினம் கவர்னருக்கு அப்படி ஒரு தோட்ட வீடு இருந்தது. சென்னையிலும் இதே வழக்கம். 1753இல் மெதேரோஸ் குடும்பத்திடமிருந்து கவர்னருக்காக வாங்கிய தோட்ட வீடுதான் பின்னால் அரசினர் மாளிகை ஆனது. அது இன்று இல்லை. புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. அந்தக் கட்டடமும் மருத்துவமனையாக மாறிவிட்டது. வளாகத்துக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்து முதலமைச்சரான ராமசாமி ரெட்டியாரின் ஊர்ப்பெயர். உள்ளே மிஞ்சி நிற்பது விருந்து மண்டபமாகக் கட்டிய ராஜாஜி மண்டபம். கட்டுவித்தவர் எட்வர்டு கிளைவ். அவருடைய அப்பா ராபர்ட் கிளைவ், தேவனாம்பட்டினத்தில் கவர்னராக இருந்தவர்.

அந்த அப்பா முதலில் இங்கே வந்தது கவர்னராக அல்ல, தப்பியோடியவராக. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்துவிட்டார். மாறுவேடத்தில் நழுவித் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் இருபது வயதைத் தொட்டிருந்த எழுத்தர் கிளைவ். தெற்கில் ஆங்கிலேயருக்கு மிஞ்சிய பெரிய இடம் இது ஒன்றுதான். 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் சென்னை அல்ல, இந்தக் கெடிலக்கரைக் கோட்டை.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1746 டிசம்பரில் டி புரி என்ற முதிய அதிகாரியின் தலைமையில் படையை அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் அரியாங்குப்பம் பக்கமிருந்து தெற்கே வந்து பெண்ணையைக் கடந்தார்கள். தோட்ட வீட்டைக் காத்துநின்றவர்களை விரட்டிவிட்டு அதற்குள் புகுந்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். இரவெல்லாம் நடந்த களைப்பு. துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டவும் நிழல் தேடவும் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். எவ்வளவு பெரிய படையானாலும் பசி வந்தால் அது பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம்தான்.

திடீரென்று குதிரைப் படை தென்பட்டது. ஆர்க்காட்டு நவாப் அன்வருதீனின் மகன்கள் மாபூஸ் கானும் முகம்மது அலியும் ஆங்கிலேயருக்குத் துணையாக வந்திருந்தார்கள். சில வாரங்களுக்கு முன் அடையாற்றங்கரையில் சின்னஞ்சிறு பிரெஞ்சுப் படையிடம் பெரிய சேனையோடு தோற்று ஓடியவர் இதே மாபூஸ் கான். இந்த முறை ஓடியவர்கள் எதிர்ப் பக்கம். தோட்டத்தின் மதிலுக்குள் நின்றிருந்தால் தாக்குப் பிடித்திருக்கலாம். யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாத ஒரு கூச்சலில் எல்லோரும் ஆற்றை நோக்கி விழுந்தடித்து ஓடினார்கள். டிசம்பர் மாதத்துப் பெண்ணை எப்படி இருக்கும் என்று திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலோடு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் 1746இன் அந்த நாளில் ஆறு கடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிரெஞ்சுப் பீரங்கிப் படை மட்டும் நிதானம் இழக்காமல் சுட்டுக்கொண்டே பின்வாங்கியதால்தான் மற்றவர்கள் கரையேறினார்கள். மூட்டை முடிச்செல்லாம் தோட்டத்திலேயே கிடந்தது.

1747இல் மறுபடி வந்தார்கள், மறுபடி அதே தோட்டத்தைப் பிடித்தார்கள், கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்ததும் மறுபடி திரும்பினார்கள். 1748இல் கடலூரைத் தாக்கியபோது மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், ஊரைக் காலி செய்வதுபோல் பகலில் போக்குக் காட்டி, இரவில் ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி அவர்களைச் சிதறடித்தார். மனிதர்களால் அசைக்க முடியாத இடத்தை 1749 ஏப்ரல் புயல் ஒரு கை பார்த்தது. கோட்டைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த நமூர் என்ற போர்க்கப்பல் மூழ்கி 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1756இல் கிளைவ் கவர்னராக வந்து அமர்ந்த கையோடு, கல்கத்தா விழுந்த செய்தி வர, படையோடு வங்காளம் கிளம்பினார். அவர் பிளாசியில் ஜெயித்த மறுவருஷம் கோட்டையின் கதை முடிந்தது. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்து இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, பயணக் களைப்பு தீருமுன்பே தேவனாம்பட்டினத்தை வளைத்தார். ஜூன் 2 அன்று கோட்டை சரணடைந்தது. லாலி அதைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. மதில்களுக்கு அடியில் மருந்து வைத்துத் தகர்க்கச் சொன்னார்.

அந்த வெடியின் எதிரொலி புதுச்சேரியில் கேட்க இரண்டரை வருஷம் ஆனது.

1761 ஜனவரி 16. மாதக் கணக்கில் முற்றுகையில் கிடந்து பட்டினியில் வாடிய புதுச்சேரி, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. நகரம் யாருக்கு என்று படைத் தரப்பும் கம்பெனியும் சச்சரவிட்டதில் சென்னை கவர்னர் பிகட் பக்கம் ஜெயித்தது. தேவனாம்பட்டினத்தை நீங்கள் என்ன செய்தீர்களோ அதுவே உங்களுக்கும் என்பது கம்பெனி சொன்ன நியாயம். கோட்டை போனது. தூப்ளே பார்த்துப் பார்த்துக் கட்டிய கவர்னர் மாளிகை போனது. தேவாலயங்களும் தப்பவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் இந்த நகரத்தின் அன்றாடத்தைத் தமிழில் எழுதிவைத்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதம்தான் கண்ணை மூடினார். 1738இல் எழுந்ததாகச் சொல்லப்படும் அவர் வீடு மட்டும் பெரிய கடைப் பக்கம் இன்னும் நிற்கிறது. கீழே முற்றத்தைச் சுற்றி நம்மூர் மரத்தூண்கள், மேலே ஐரோப்பியப் பாணியில் சுதைத் தூண்கள். இரண்டு துரைத்தனங்களுக்கு நடுவில் நின்று வியாபாரம் செய்தவரின் வீடு வேறு எப்படி இருக்கும்?

எனவே இன்று புதுச்சேரி வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் ‘தூப்ளே காலத்து வீடு’ என்று பேசிக்கொள்வது பெரும்பாலும் தவறு. தூப்ளே காலத்துக் கட்டடங்கள் தூளாகிவிட்டன. பார்ப்பதெல்லாம், 1763 பாரிஸ் உடன்படிக்கையால் நகரம் திரும்பக் கிடைத்து, 1765இல் லா தெ லொரிஸ்தோன் கவர்னராகப் பொறுப்பேற்ற பிறகு குப்பைமேட்டிலிருந்து எழுப்பியது. அந்தப் பகுதியில் அழியாமல் கிடைத்தது ஒன்றுதான்: தெருக்கள். கட்டம் போட்டாற்போன்ற அந்த நேர்த்தெருக்களும் பிரெஞ்சுக்காரர் கணக்கில் எழுத வேண்டியவை அல்ல. 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் அது. வீட்டை இடிக்கலாம், தெருவை இடிக்க ஆசைப்பட்டாலும் எதை இடிப்பது?

இடிபாட்டு நாட்களின் நேரடிச் சாட்சி ஒருவர் உண்டு. லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தில் வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்ப்பதற்காக 1768இல் புதுச்சேரிக்கு வந்தார். தகர்ந்து கிடந்த பழைய கோட்டையின் மீதே அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் உள்ளூர்த் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டு, அதன் துல்லியத்தை மெச்சி எழுதினார். 1769 ஜூன் 4 காலையில், வேண்டிய நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. கோட்டையின் இடிபாடுகளைக் காட்டும் படம் அவருடைய பயண நூலில் இருக்கிறது. வெள்ளியைப் பார்க்க வந்தவர் நமக்கு விட்டுப் போனது செங்கல் குவியலின் படம்.

புதுச்சேரியைக் கட்டியதில் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு, அது கேட்டு வாங்கிய பங்கு அல்ல. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்ததிலிருந்து பதினோரு ஆண்டுகள் அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்த கோயில் தூண்கள் வண்டியேறின. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். 1870இல் தூப்ளேக்குச் சிலை வைத்தபோதும் பீடத்துக்குச் செஞ்சிச் சிற்பத் துண்டுகளே பயன்பட்டன. அண்ணாந்து அந்தத் தூண்களைப் பார்த்தால் கொடிக்கருக்கும் யாளியும் நாயக்கர் காலத்து உளியின் வேலை என்று தெரிந்துவிடும். மண்டபத்தைத் தாங்க வேண்டியவை வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

கடலூர்ப் பக்கம் திரும்புவோம். தேவனாம்பட்டினத்தில் கோட்டை மறுபடி எழவே இல்லை. 1782இல் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலி தரப்பும் கடலூரைப் பிடித்ததும், 1783 ஜூனில் நிலத்திலும் கடலிலும் இங்கே பெரும் சண்டை நடந்ததும், ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்து சண்டை பாதியில் நின்றதும் தனிக்கதை. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமாகி, தென்னார்க்காடு மாவட்டம் பிறந்து, கலெக்டர் கடலூரில் அமர்ந்தார். விழுப்புரமும் திண்டிவனமும் திருவெண்ணெய்நல்லூரும் 1993 வரை கலெக்டரைப் பார்க்க மனுவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அங்கேதான் போயின.

மஞ்சக்குப்பத்துத் தோட்ட வீடு இந்தக் கலெக்டர்களின் குடியிருப்பானது. கிளைவ் வாழ்ந்த வீடு என்றே ஊர் அதைச் சொல்லும். இரும்பும் மரமும் சேர்க்காமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே கூரை போட்டது என்பது அதன் பெருமை. அக்காலத்துக் கட்டடங்களில் வழக்கமாகக் காணும் மெட்ராஸ் டெரஸ் அப்படியல்ல. அதில் தேக்கு உத்திரங்களைக் குறுக்கே போட்டு, மேலே சிறுசிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் வரிசையாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் அப்போதைக்கப்போது தெளிப்பார்கள். கடலோரத்தில் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுட்டது. அது இறுகினால் கல். ஆனால் உத்திரத்தின் நுனி சுவருக்குள் நனைந்து உளுத்துவிட்டால், அல்லது மேல்தளத்தில் ஓர் அரசஞ்செடி வேர்விட்டு வருஷத்துக்கு வருஷம் மழைநீர் உள்ளே இறங்கினால், மேலே உள்ள அத்தனை பாரமும் ஒருநாள் மொத்தமாகக் கீழே வந்துவிடும். மரமே இல்லாத வளைவுக் கூரைக்கு அந்தப் பயம் குறைவு. பாரத்தைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பயம் புதுச்சேரியில் நிஜமானது. கடற்கரைச் சாலையில் 1870–71இல் கட்டிய நகர மன்றக் கட்டடம், ஊரார் ‘மேரி’ என்று அழைத்தது, பல காலம் திருமணங்களைப் பதிவு செய்த இடம், கவனிப்பாரற்றுக் கிடந்து 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பீரங்கி தேவைப்படவில்லை. அதே இடத்தில் அதே முகத்தோற்றத்தோடு உலக வங்கி நிதியில் புதிதாக எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நகல்தானே என்று சிலர் முகம் சுளித்தார்கள். 1761க்குப் பிறகு புதுச்சேரியே தன் பழைய இடத்தில் திரும்ப எழுந்த நகரம் என்னும்போது, அந்தச் சுளிப்பில் பாதி அநாவசியம். சுளிக்க வேண்டியது, ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் மேல்தளத்தில் முளைத்த செடியைப் பிடுங்க ஓர் ஆளை ஏற்றாததற்காக.

இந்தக் கடலோரத்தில் எது நின்றது, எது போனது என்று பார்த்தால் அழகுக்கும் வலுவுக்கும் அதில் அதிக வேலை இல்லை. கோட்டை வலுவானது, அதனாலேயே எதிரி அதைத் தகர்த்தான். கலெக்டர் தூங்கி எழுந்த வீடு ஒழுகினால் மறுநாளே கொத்தனார் வருவார். ரங்கப் பிள்ளையின் வீடு எதிரிக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மேரிக் கட்டடத்தில் அலுவலகம் காலியான பின், ஒழுகுவதைப் பார்க்கவே ஆளில்லை.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு ஞாயிறு மாலை சுண்டலும் பஜ்ஜியும் தேடி வருபவர்களில் பலருக்கு, நடக்கும் தூரத்தில் கெடிலக் கரையில் கோட்டையின் மிச்சம் இருப்பது தெரியாது. தெரிந்தவர்களும் முதலில் கேட்பது சுரங்கப் பாதையைத்தான். செஞ்சி வரைக்கும் போகுமாம், புதுச்சேரி வரைக்கும் போகுமாம். பழைய கோட்டை எதைச் சொன்னாலும் நம்மவர்கள் அடியில் ஒரு சுரங்கம் வெட்டாமல் விடுவதில்லை. மிஞ்சியிருப்பது இடிந்த சுவரும் மேடும், அங்கங்கே முள்ளும்தான்.

தேவனாம்பட்டினத்துக்கு முன்பே ஆங்கிலேயர் கடை விரித்து, பிறகு அதற்காகவே கைவிட்ட ஓர் ஊர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் உண்டு. மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் கூனிமேட்டுக்கு அடுத்த பகுதியில் போவோம்.

(தொடரும்)